கனமான கேபிளுக்கு ஸ்டட் டெர்மினல் பிளாக்: தேர்வு செய்வது முதல் நட் இறுக்குவது வரை முழுமையான வழிகாட்டி

ஸ்டட் டெர்மினல் பிளாக் என்பது, நிமிர்ந்து நிற்கும் மரையுள்ள கம்பியில் (ஸ்டட்) கேபிள்களை நட் போட்டு இணைக்கும் கட்டை. “இருநூறு ஆம்பியர் டெர்மினல் ஒண்ணு குடுங்க” என்று கடையில் கேட்டால், இருப்பதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பேனலில் (மின் இணைப்புப் பெட்டியில்) பொருத்தி, கேபிளை இழுத்து, லக் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும், ஓட்டையுள்ள உலோகத் துண்டு) அடித்த பிறகுதான் சிக்கல் தெரியும். லக்கின் தட்டைப் பகுதி இரண்டு தடுப்புச் சுவர்களுக்கு நடுவே இறங்காது. உடனே கிரைண்டர் வரும். லக்கை இருபக்கமும் சீவி உள்ளே திணிப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும். பிறகு அந்த இடம் மட்டும் நிறம் மாறும், கேபிளின் தோல் சுருங்கும், ஒருநாள் பேஸ் போகும்.

ஆம்பியரிலிருந்து நேராக பிளாக்குக்குத் தாவியதுதான் இதற்குக் காரணம். நடுவே மூன்று படிகள் விட்டுப்போய்விட்டன. சரியான வரிசை இது: லோடு, கேபிள், லக், ஸ்டட், அதன் பிறகு பிளாக். பிளாக் மேல் அச்சடித்திருக்கும் ஆம்பியர், கடைசியில் சரிபார்க்க வேண்டிய எண். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியின் விடை கிடைக்காமல் அடுத்ததற்குப் போனால் பொருள் வீணாகும்.

வழிநெடுக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை, 100 எச்.பி. மோட்டார், 415 வோல்ட் மூன்று பேஸ், பேனலுக்கு வருவது 3.5 கோர் (மூன்று முழு பேஸ் கோர், ஒரு பாதி நியூட்ரல் கோர்) 95 ஸ்கொயர் எம்எம் (கோர் உலோகத்தின் குறுக்குப் பரப்பு) அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசமுள்ள) கேபிள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மோட்டார் அல்லது மெஷினின் நேம்பிளேட் படம், கேபிளின் மேல் அச்சடித்த வரியின் படம், ஒரு வெர்னியர் காலிபர், பேனலின் உள்ளளவு. இந்த நான்கும் இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம்.

வேலைக்கு: லக்கைக் கேபிளில் அழுத்திப் பிடிக்க வைக்கும் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல், அந்த லக் அளவுக்கான டை (அழுத்தும் அச்சு), சரியான அளவு ரிங் ஸ்பானர், 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், வயர் பிரஷ், அலுமினியமாக இருந்தால் ஆக்சைடு தடுக்கும் ஜாயிண்ட் பேஸ்ட். டார்க் ரெஞ்ச் பலரிடமும் இருப்பதில்லை. கனமான கேபிள் வேலை எடுப்பவர் முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான். ஏன் என்பது 10-ஆவது படியில் வரும்.

2. ஓடும் ஆம்பியரை எழுதுங்கள்

எச்.பி.யை வைத்து மனக்கணக்குப் போடாமல் நேம்பிளேட்டைப் பாருங்கள். 100 எச்.பி., அதாவது 75 கிலோவாட் மோட்டார், 415 வோல்ட்டில் முழு லோடில் ஏறத்தாழ 130 ஆம்பியர் இழுக்கும். நம் உதாரணத்துக்கு 132 என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஓடும் மோட்டாருக்கு 25 சதவீதம் கூட்டினால் 165.

இரண்டு இடங்களில் கணக்கு மாறும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆறு வயர்களில், ஒவ்வொன்றிலும் டெல்டாவில் ஓடுவது லைன் ஆம்பியரில் 58 சதவீதம்தான். 132-க்கு 77. அங்கே சிறிய ஸ்டட் போதும், ஆனால் மூன்றுக்குப் பதில் ஆறு வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் மூன்று வாங்கிவந்து நிற்பது இங்கேதான்.

கெபாசிட்டர் பேனல் இதற்கு நேர் எதிர். 50 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் 415 வோல்ட்டில் 70 ஆம்பியர் எடுக்கும். ஹார்மோனிக்ஸ் சேர்ந்தால் அதற்கு மேலேயும் போகும். மோட்டாரைப் போல லோடு ஏறி இறங்காமல் மணிக்கணக்கில் ஒரே அளவில் நிற்கும். அதனால் ஒன்றரை மடங்கு, 105 ஆம்பியர் என்று எழுதுங்கள்.

3. கேபிளை முழுப் பெயரோடு எழுதுங்கள்

“95 கேபிள்” என்று எழுதினால் போதாது. செம்பா அலுமினியமா, திடமான இழைகளா பிளெக்ஸிபிளா, கோர் வட்டமா செக்டார் (விசிறித் துண்டு போன்ற) வடிவமா, தோல் பி.வி.சி.யா எக்ஸ்.எல்.பி.இ.யா, நியூட்ரல் எத்தனை ஸ்கொயர்: இவ்வளவும் வேண்டும். லக்கைத் தீர்மானிப்பவை இவைதான்.

ஒரே 50 ஸ்கொயர் என்றாலும், மெல்லிய இழைகள் கொண்ட பிளெக்ஸிபிள் செம்பு, சாதாரண இழைக் கேபிளைவிடத் தடிமனாக இருக்கும். சாதாரண லக்கில் அது முழுதாக நுழையாது. நுழையவில்லை என்று நாலு இழையைக் கத்தரித்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதைச் செய்யக் கூடாது. பிளெக்ஸிபிளுக்கென்று அகலமான வாயுள்ள லக் தனியாக விற்கிறார்கள்.

3.5 கோர் கேபிளில் நியூட்ரல் பாதி அளவில் வரும். 70-க்கு 35, 95-க்கு 50, 120-க்கு 70, 240-க்கு 120. ஆனால் பிளாக்கில் நான்கு ஸ்டட்டும் ஒரே அளவுதான். ஆகவே நியூட்ரல் லக் வாங்கும்போது 50 ஸ்கொயர், ஓட்டை பேஸ் லக்குக்கு உள்ள அதே அளவு என்று கேட்டு வாங்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் 50 ஸ்கொயரில் சிறிய ஓட்டை உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள்.

4. லக்கை வாங்குங்கள், அதன் அகலத்தை அளங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பிளாக்குக்கு முன்பே லக்கை வாங்கிவிடுங்கள். ஒன்று வாங்கி, வெர்னியரை வைத்து மூன்று அளவுகள் எடுங்கள்: தட்டைப் பகுதியின் அகலம், ஓட்டையின் விட்டம், ஓட்டையின் நடுவிலிருந்து முனை வரை உள்ள தூரம்.

குழாய் லக் என்பது ஒரு குழாயின் ஒரு முனையைத் தட்டையாக அழுத்திச் செய்தது. ஆகவே தட்டையின் அகலம் குழாயின் வெளிவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு வரும். அலுமினிய லக்கின் சுவர் செம்பு லக்கைவிடத் தடிமன் என்பதால் அதே ஸ்கொயருக்கு அகலமும் கூடும். 95 ஸ்கொயர் அலுமினிய லக் 25 மி.மீ.க்கு மேல் வருவது சாதாரணம். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு மி.மீ. மாறும். அதனால்தான் கேட்டலாக்கை நம்பாமல் அளக்கச் சொல்கிறோம்.

நம் உதாரணத்தில் 165 ஆம்பியரை மட்டும் பார்த்தால் 70 ஸ்கொயர், 192 ஆம்பியர் பிளாக் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் வருவது 95 ஸ்கொயர் அலுமினியம். அலுமினியம் அதே ஸ்கொயர் செம்பைவிடக் குறைவான ஆம்பியர் தாங்கும். அதனால் கேபிள் எப்போதும் ஆம்பியரைவிட ஒன்றிரண்டு படி பெரியதாகவே இருக்கும். அலுமினியக் கேபிள் போடும் இடத்தில் ஆம்பியரை வைத்து பிளாக் வாங்குபவருக்குப் பெரும்பாலும் லக் இறங்காது. நம் மில்களிலும் பட்டறைகளிலும் வெளியே இழுப்பது அலுமினியமே என்பதால் இது தினமும் நடக்கிற தவறு.

அலுமினியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிளாக்கின் கடத்தும் தகடு தகரப் பூச்சுள்ள செம்பு அல்லது பித்தளை. வெறும் அலுமினிய லக்கை அதன் மேல் வைத்து, ஈரமும் சேர்ந்தால் இரண்டுக்கும் நடுவே அரிப்பு தொடங்கும், அலுமினியம் கரையும். குழாய் அலுமினியமாகவும் தட்டை செம்பாகவும் உள்ள பைமெட்டல் லக் இதற்குச் சரியான தீர்வு. உலர்ந்த இடத்தில் தகரப் பூச்சுள்ள அலுமினிய லக்கும் ஜாயிண்ட் பேஸ்ட்டும் போதும். சாயப்பட்டறை போன்ற இடத்தில் பைமெட்டல் லக்குக்குக் குறைந்து எதையும் போடாதீர்கள்.

கிரிம்பிங் பற்றிச் சுருக்கமாக. கேபிளின் தோலைக் குழாயின் ஆழத்தைவிட 3 மி.மீ. கூடுதலாக உரியுங்கள். அலுமினிய இழைகளை வயர் பிரஷ்ஷால் தேய்த்த உடனே பேஸ்ட்டில் நுழையுங்கள், ஏனென்றால் தேய்த்த சில நொடிகளிலேயே புதிய ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்கிவிடும். செக்டார் கோரை முதலில் வட்டமாக்கும் டையில் அழுத்திய பிறகே லக்கில் நுழையுங்கள். முதல் அழுத்து தட்டைப் பக்கம், அடுத்தது கேபிள் பக்கம். திருப்பிச் செய்தால் குழாய் நீளும்போது இழைகள் வெளியே தள்ளப்படும். சுத்தியலும் உளியும் வைத்து அடித்த லக் எந்த பிளாக்கில் போட்டாலும் சூடாகும்.

5. ஸ்டட் அளவைத் தீர்மானியுங்கள்

ஓட்டைக்கும் ஸ்டட்டுக்கும் உள்ள உறவு நிலையானது. எம்6 ஸ்டட்டுக்கு 6.4, எம்8-க்கு 8.4, எம்10-க்கு 10.5, எம்12-க்கு 13, எம்16-க்கு 17 மி.மீ. ஓட்டை. பொதுவாக 35 ஸ்கொயர் வரை எம்6 அல்லது எம்8, 70 வரை எம்8, 95-க்கும் 120-க்கும் எம்10, 150 முதல் 240 வரை எம்12, அதற்கு மேல் எம்16 என்று பொருந்திவரும்.

பெரிய ஸ்டட் எப்போதும் நல்லது என்று நினைக்க வேண்டாம். 35 ஸ்கொயர் லக்கில் எம்12 ஓட்டை போட்டால், ஓட்டையின் இருபக்கமும் மிஞ்சுவது மெல்லிய செம்பு ஓரம்தான். மின்சாரம் கடக்க வேண்டிய பரப்பே அந்த ஓரம்தான். அதே காரணத்துக்காக, எம்8 ஓட்டை உள்ள லக்கை டிரில் போட்டு எம்10 ஆக்கக் கூடாது. பூச்சு போகும், பிசிறு எழும், லக் தகட்டின் மேல் தட்டையாக உட்காராது. இதற்கு மாறாக, எம்12 ஓட்டை உள்ள லக்கை எம்8 ஸ்டட்டில் போட்டு வாஷரால் மூடுவதும் தவறு: இறுக்கும்போது வாஷர் ஓட்டைக்குள் குழியும், சில வாரத்தில் நட் தளரும்.

நம் உதாரணத்துக்கு எம்10. 95 ஸ்கொயர் பேஸ் லக், 50 ஸ்கொயர் நியூட்ரல் லக், பேனலுக்கு உள்ளிருந்து வரும் 50 ஸ்கொயர் பிளெக்ஸிபிள் செம்பு லக் எல்லாமே எம்10 ஓட்டையோடு.

6. இப்போது பிளாக்

டெர்மினல் பிளாக்குக்கான ஸ்டாண்டர்டு ஐ.இ.சி. 60947-7-1. அது செம்புக் கேபிளுக்கானது. அதில் ஒவ்வொரு கேபிள் அளவுக்கும் ஒரு சோதனை ஆம்பியர் உண்டு: 35 ஸ்கொயர் 125, 50-க்கு 150, 70-க்கு 192, 95-க்கு 232, 120-க்கு 269, 150-க்கு 309, 185-க்கு 353, 240-க்கு 415. பிளாக் மேல் காணும் 192, 232, 269 போன்ற எண்கள் இங்கிருந்து வந்தவை. அந்த ஆம்பியரில் டெர்மினல் சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்பது நிபந்தனை.

இந்த 45 டிகிரியை நம் ஊர் வெயிலோடு கூட்டிப் பாருங்கள். ஈரோட்டிலும் கரூரிலும் கோடையில் வெளியே 40-ஐ ஒட்டி நிற்கும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள பேனலுக்குள் 50 என்று வைத்தால், முழு ஆம்பியரில் ஓடும் டெர்மினல் 95 டிகிரி தொடும். பி.வி.சி. தோலின் எல்லை 70.

சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் தோராயமாகக் கணக்கிடலாம். 132 ஆம்பியர் 192 ஆம்பியர் பிளாக்கில் ஓடினால் 69 சதவீதம், அதாவது 21 டிகிரி ஏற்றம். 50-உம் 21-உம் 71, எல்லை தாண்டிவிட்டது. அதே லோடு 232 ஆம்பியர் பிளாக்கில் 57 சதவீதம், 15 டிகிரி ஏற்றம், 65-இல் நிற்கும். 269 ஆம்பியர் பிளாக்கில் இன்னும் குறையும். அலுமினியக் கேபிள் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சூட்டைக் கொண்டுவரும், அதனால் இந்த இடைவெளியைக் குறைக்காதீர்கள். எக்ஸ்.எல்.பி.இ. கேபிள் 90 டிகிரி தாங்கும் என்று கேபிளின் முழு ஆம்பியரையும் எடுப்பவர்கள், டெர்மினலுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது இடைவெளி. பிளாக்கின் இரண்டு தடுப்புச் சுவர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை அளங்கள். லக்கின் அகலத்தைவிட 2 முதல் 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். 26 மி.மீ. லக்குக்கு 28 அல்லது 29. சுவர் இல்லாத வகையானால் பக்கத்துப் பக்கத்து லக்குகளின் விளிம்புகளுக்கு நடுவே காற்றில் 10 மி.மீ. குறையாமல் பாருங்கள். அழுக்குப் படியும் தொழிற்கூடத்துக்கு, 630 வோல்ட் வரிசையில், பரப்பின் மேல் கேட்கப்படும் தூரமும் அதே 10 மி.மீ.தான். 415 வோல்ட் பேனலுக்கு 690 வோல்ட் இன்ஸுலேஷன், 8 கே.வி. இம்பல்ஸ் (நொடிப்பொழுது எழும் உயர் வோல்ட்டைத் தாங்கும் அளவு) என்று குறித்த பிளாக்கை எடுங்கள்.

உடல் எதனால் ஆனது என்பதும் முக்கியம். டி.எம்.சி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) வார்ப்பும் பாலிஅமைடு 66-உம் (நைலான்) நல்லவை. தீப்பிடித்தால் தானாக அணையும் வி-0 தரமா என்று கேளுங்கள். பழைய பேக்கலைட் பிளாக்குகள் சூட்டைத் தாங்கும், ஆனால் ஒருமுறை மேலே கரித்தடம் விழுந்துவிட்டால் அந்தத் தடம் வழியாகவே மின்சாரம் ஊரும். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே அது நடந்தால் பேனலே போகும்.

நம் உதாரணத்துக்கு விடை: எம்10 ஸ்டட், 120 ஸ்கொயர் அல்லது 269 ஆம்பியர் வகுப்பு, பள்ளம் 28 மி.மீ.க்கு மேல், நான்கு போல் (நான்கு ஸ்டட் இடங்கள்), 690 வோல்ட். ஆம்பியரை மட்டும் கேட்டிருந்தால் இதைவிட இரண்டு படி சிறியது வந்திருக்கும்.

எர்த்துக்கு இந்த நான்கோடு ஐந்தாவது ஸ்டட் சேர்க்க வேண்டாம். கேபிளின் ஆர்மரும் எர்த் வயரும் பேனல் உடலோடு நேரடியாக இணைந்த எர்த் பாருக்குப் போகட்டும்.

7. உங்கள் இடத்துக் காற்றைப் பாருங்கள்

ஒரே பிளாக் பொள்ளாச்சியில் பத்து வருடம் நிற்கும், திருப்பூரில் இரண்டு வருடத்தில் பச்சை பூக்கும். காரணம் காற்றில் இருப்பது.

சாயப்பட்டறையில் நீராவி, உப்பு, காஸ்டிக் மூன்றும் சேர்ந்து வரும். தகரப் பூச்சு குறைந்தபட்சம், தூசியும் பீய்ச்சும் நீரும் புகாத ஐ.பி. 65 பெட்டி, கேபிள் நுழைவு கீழ்ப்பக்கம். மேலே நுழைந்தால் கேபிள் வழியே வழியும் நீர் நேராக ஸ்டட் மேல் சொட்டும்.

பல்லடம், அவிநாசி, சோமனூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலும் தறிக் கூடங்களிலும் எதிரி பஞ்சுத் தூசி. ஹ்யூமிடிஃபிகேஷன் ஈரத்தோடு சேர்ந்து இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே பாலம் போடும், பொறி விழுந்தால் பற்றும். மேல்மூடி உள்ள வகையை மட்டும் வாங்குங்கள். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதை அனுமதிக்காதீர்கள்.

ஃபவுண்டரியில் பறப்பது இரும்புத் தூசி, அதுவே மின்சாரம் கடத்தும். அங்கே தடுப்புச் சுவர் உயரமாக இருக்க வேண்டும், ஃபர்னஸ் பக்கத்துப் பேனலுக்கு 6-ஆவது படியின் கணக்கை 60 டிகிரி வைத்துப் போடுங்கள்.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எருவிலிருந்து வரும் அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். இறுக்கத்தில் இருக்கும் பித்தளை நட்டும் ஸ்டட்டும் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விட்டு, ஒருநாள் ஸ்பானர் வைக்கும்போது கையோடு வரும். பிளாக்கைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்ய முடியாது. பேனலைக் கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் திசையில் வையுங்கள்.

8. கேபிளின் எடை பிளாக்கில் தொங்கக் கூடாது

95 ஸ்கொயரும் அதற்கு மேலும் என்றால் டின் ரெயிலில் (பேனலுக்குள் பொருத்தும் உலோகப் பட்டை) கிளிப் செய்யும் பிளாக்கைத் தவிர்த்து, மவுண்டிங் பிளேட்டில் நேராக போல்ட் போடும் வகையை எடுங்கள். ரெயில்தான் வேண்டும் என்றால் 7.5 மி.மீ. உயரமுள்ளதை விட்டு 15 மி.மீ. உயரமுள்ளதைப் போடுங்கள். 7.5 வளையும்.

கேபிள் பேனலுக்குள் நுழையும் கிளாண்ட் பிளேட்டிலிருந்து ஸ்டட் வரை 95 ஸ்கொயருக்கு 250 மி.மீ., 240 ஸ்கொயருக்கு 400 மி.மீ. இடம் விடுங்கள். இடம் குறைந்தால் கோர் வளையும்போது நிமிரப் பார்க்கும். அந்த விசை முழுதும் லக் வழியாக ஸ்டட்டைத் திருகும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: நட் போடாமல் லக்கை ஸ்டட்டில் கோத்துக் கையை எடுங்கள். லக் தானாகத் தகட்டின் மேல் தட்டையாகப் படுத்திருந்தால் சரி. எழும்பினால் கேபிளை வளைத்து வடிவம் கொடுத்து, கோர்களைக் கிளாம்ப்பில் கட்டிய பிறகே மேலே போங்கள்.

9. அடுக்கும் வரிசை

கீழிருந்து மேலே: கடத்தும் தகடு, லக், தட்டை வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். இரண்டு லக் வந்தால் தகடு, பெரிய லக், சிறிய லக், பிறகு வாஷர்கள். தட்டை முகங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

லக்குக்கும் தகட்டுக்கும் நடுவேயும், லக்குக்கும் லக்குக்கும் நடுவேயும் எதுவும் வரக் கூடாது. மின்சாரம் ஓடுவது தட்டையிலிருந்து தட்டைக்கு. ஸ்டட்டின் வேலை அவற்றைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பது மட்டும். மட்டம் சமமாக இல்லை என்று நடுவே ஒரு இரும்பு வாஷரைப் போட்டால், முழு ஆம்பியரும் அந்த வாஷர் வழியாகப் போகும். இணைப்பின் மின்தடை 0.1 மில்லி ஓம் என்றால் 200 ஆம்பியரில் 4 வாட் சூடு. வாஷராலோ துருவாலோ அது 1 மில்லி ஓம் ஆனால் 40 வாட், பேனலுக்குள் ஒரு சால்டரிங் அயர்னை எரியவிட்டு மூடியது போல.

அலுமினிய லக் என்றால் ஸ்பிரிங் வாஷருக்குப் பதிலாகக் கிண்ண வடிவ டிஸ்க் வாஷர் போடுங்கள். அலுமினியம் சூட்டில் விரிந்து அழுத்தத்தில் மெல்ல ஒழுகும். டிஸ்க் வாஷர் அந்தத் தளர்ச்சியை ஈடுகட்டும். ஒரு ஸ்டட்டில் மூன்றாவது லக் வேண்டும் என்றால் அது டெர்மினல் வேலை இல்லை, பஸ்பார் (பல இணைப்புகளைத் தாங்கும் தடித்த உலோகப் பட்டை) வேலை.

10. இறுக்கம்

ஸ்டாண்டர்டில் அறுகோண நட்டுக்குச் சொல்லப்படும் அடிப்படை அளவுகள்: எம்6 3, எம்8 6, எம்10 10, எம்12 14, எம்16 25 நியூட்டன் மீட்டர். தயாரிப்பாளர் இதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அவர் அளவைப் பின்பற்றுங்கள்.

இங்கே அதிகம் சேதமாவது பலசாலிகளின் கையில். பஸ்பாரில் போடும் 8.8 தர இரும்பு எம்10 போல்ட்டை 40 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கலாம். அதே கைப்பழக்கத்தில் வார்ப்பில் பதிந்த ஸ்டட்டை இறுக்கினால் ஸ்டட் உள்ளேயே சுழலும், அல்லது உடல் மயிரிழையாக விரியும். சுழன்ற ஸ்டட்டைத் திரும்பப் பிடிக்க வழியில்லை, பிளாக்கையே மாற்ற வேண்டும்.

எம்6-க்கு 10, எம்8-க்கு 13, எம்10-க்கு 17, எம்12-க்கு 19 நம்பர் ஸ்பானர் நம் கடைகளில் கிடைக்கும் நட்டுக்குச் சரியாக வரும். சில நட்டுகள் 16-உம் 18-உம் கேட்கும், பார்த்து எடுங்கள். இறுக்கும்போது லக்கின் கழுத்தை மறுகையால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் லக் நட்டோடு திரும்பி சுவரில் சாயும், பக்கத்து லக்கோடு உள்ள இடைவெளி குறையும். முடிந்ததும் நட்டிலிருந்து தகடு வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு. கோடு உடைந்தால் நட் நகர்ந்தது தூரத்திலிருந்தே தெரியும்.

11. கரண்ட் கொடுக்கும் முன்னும் பின்னும்

முதலில் மெயினை இறக்கிப் பூட்டி, டெஸ்டரால் மூன்று பேஸும் செத்திருப்பதை உறுதி செய்யுங்கள். கெபாசிட்டர் இருந்தால் டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருங்கள். மெக்கர் (இன்ஸுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடும்போது டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி), சாஃப்ட் ஸ்டார்ட்டர், மீட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். 500 வோல்ட் மெக்கர் ஒரே நொடியில் டிரைவின் உள்ளே உள்ளதைக் கெடுத்துவிடும்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு லக்கின் கழுத்திலும் கறுப்பு இன்ஸுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். பளபளக்கும் தகரப் பூச்சைத் தெர்மல் கேமரா உண்மையைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும். டேப்பைக் குறிவைத்தால் சரியான அளவு கிடைக்கும். முழு லோடில் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு, பாதுகாப்பான தூரத்தில் நின்று மூன்று பேஸையும் ஒப்பிடுங்கள். கிளாம்ப் மீட்டரில் மூன்றும் ஒரே ஆம்பியர் காட்டி, ஒரு பேஸ் மட்டும் 10 டிகிரி கூடுதலாக இருந்தால் குறை அந்த இணைப்பில்தான். மூன்றும் சேர்ந்து சூடாக இருந்தால் பிளாக்கோ கேபிளோ சிறியது, அல்லது பேனலில் காற்று இல்லை.

முதல் வாரத்தின் விடுமுறை நாளில் மெயினை இறக்கி, ஆறவைத்து, அதே டார்க் அளவில் ஒருமுறை சரிபாருங்கள். அலுமினியத்தில் நட் கொஞ்சம் நகரும். கோட்டைப் புதிதாகப் போடுங்கள். அதற்குப் பின் மாதாமாதம் இறுக்கும் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அலுமினியம் இன்னும் கொஞ்சம் நசுங்கும், ஒரு கட்டத்தில் பிடிப்பே இருக்காது. வருடத்துக்கு இருமுறை கேமராவும், கோடு உடைந்திருக்கிறதா என்ற பார்வையும் போதும். டி.ஜி. செட் (டீசல் ஜெனரேட்டர்) பேனலில் அதிர்வு அதிகம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

பேனல் கதவின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: ஸ்டட் எம்10, லக் 95 பைமெட்டல், நியூட்ரல் 50, ஸ்பானர் 17, டார்க் அளவு, தேதி. இரவு ஷிஃப்டில் டெர்மினல் கருகினால் மாற்ற வருபவர் அதைப் படித்துச் சரியான பொருளோடு வருவார்.